இரண்டு குறியீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு பயிற்சிக் காலம்

நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போடும் மெடிக்கல் கோடிங் பயிற்சியில் நான் சேர்ந்த காலத்தில், எதைப் படிக்க வேண்டும் என்பதே முடிவாகாமல் இருந்தது. அமெரிக்காவில் 1979 முதல் புழக்கத்தில் இருந்த ஐசிடி-9-சிஎம் என்னும் நோய்க் குறியீட்டு முறை விடைபெறப்போகிறது, அதன் இடத்துக்கு ஐசிடி-10 வரப்போகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எப்போது என்பதில்தான் குழப்பம். 2008 ஆகஸ்டில் வெளியான முன்மொழிவு 2011 அக்டோபர் 1 என்றது. 2009 ஜனவரியில் வந்த இறுதி விதி அதை 2013 அக்டோபர் 1 ஆக்கியது. 2012-இல் அது 2014 அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போனது. பிறகு, முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரில் மருத்துவர்களுக்குத் தரும் கட்டணத்துக்காக அவசரமாக நிறைவேற்றப்பட்டு 2014 ஏப்ரல் 1 அன்று கையெழுத்தான ஒரு சட்டத்தின் சிறு பிரிவு, 2015 அக்டோபர் 1-க்கு முன்னால் ஐசிடி-10 நடைமுறைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. அன்றைய தேதியைப் பார்த்து, இது முட்டாள்கள் தின வதந்தி என்று சொன்னவர்களும் உண்டு. உலக சுகாதாரப் பேரவை ஐசிடி-10-ஐ 1990-லேயே ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவும் இறப்புப் புள்ளிவிவரங்களுக்கு 1999 முதல் அதையே பயன்படுத்திவந்தது. உயிரோடு இருப்பவர்களின் சிகிச்சைக்காகக் காப்பீட்டுப் பணம் கோரும் கிளைம்களுக்குத்தான் இத்தனை தயக்கம்.

மருத்துவமனைகளுக்கு இந்தத் தள்ளிவைப்பு கூடுதல் செலவு என்றால், பயிற்சியில் இருந்தவர்களுக்கு அது பிழைப்பு சார்ந்த கேள்வி. 2014 அக்டோபரை நம்பி ஐசிடி-9 பாடத்தை அறவே நீக்கிவிட்டு ஐசிடி-10 மட்டும் நடத்திய பயிற்சி நிலையம் ஒன்றை நான் அறிவேன். அங்கே படித்து முடித்தவர்கள் வேலைக்குப் போனபோது, கையில் வந்த சார்ட்டுகள், அதாவது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள், அனைத்தும் ஐசிடி-9-இல் முடிக்க வேண்டியவை. இன்னொரு பக்கம், கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வு 2015 முடியும்வரை பழைய முறையிலேயே கேள்வி கேட்டது. புதிய முறை தேர்வுக்குள் வந்தது 2016 ஜனவரியில்தான். ஏற்கெனவே சான்றிதழ் பெற்றிருந்தவர்களுக்கு, அந்தத் தேர்வை நடத்தும் ஏஏபிசி அமைப்பு, புத்தகத்தைப் பார்த்து எழுதும் 75 கேள்விகள் கொண்ட தனித் தகுதித் தேர்வு ஒன்றை வைத்தது. ஆக, 2014, 2015 ஆண்டுகளில் பயிற்சி பெற்ற ஒருவர் தேர்வுக்காக ஒரு புத்தகத்தையும் பின்னால் வரப்போகும் வேலைக்காக இன்னொரு புத்தகத்தையும் படித்தாக வேண்டும் என்ற நிலை. சாகப்போகிற முறையை ஏன் படிக்க வேண்டும் என்று அப்போது எல்லோரும் முணுமுணுத்தோம். இரண்டையும் படித்தது நல்லதே என்பது என் இன்றைய கருத்து. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை, அதாவது பழைய குறியீடு தெரிந்தால் புதியதைக் கண்டுபிடிப்பது எளிது என்பதை, நான் ஏற்பதில்லை.

முதலில், எது மாறியது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளவே பலருக்கு நாளாயிற்று. நோய்களைக் குறிக்கும் ஐசிடி-9-சிஎம் போய் ஐசிடி-10-சிஎம் வந்தது. மருத்துவமனையில் உள்நோயாளிகளுக்குச் செய்யப்படும் சிகிச்சை முறைகளுக்கு ஐசிடி-10-பிசிஎஸ் வந்தது. மருத்துவர்களின் சேவைகளுக்கும் புறநோயாளிச் சிகிச்சைகளுக்கும் உரிய சிபிடி குறியீடுகள் அப்படியே இருந்தன. புறநோயாளிப் பிரிவில் வேலை தேடியவர்கள் பிசிஎஸ் புத்தகத்தைப் பார்த்து நடுங்கியதற்குக் காரணமே இல்லை. இதை முதல் வகுப்பில் யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் பாதிப் பேரின் தூக்கம் கெட்டிருக்காது.

அச்சத்துக்கு வேராக இருந்தது எண்ணிக்கைதான். ஐசிடி-9-இல் நோய்க் குறியீடுகள் ஏறத்தாழ 14,000. ஐசிடி-10-சிஎம்மில் 69,000-க்கு மேல். உள்நோயாளிச் சிகிச்சைக் குறியீடுகளோ ஏறத்தாழ 4,000-இலிருந்து 72,000-ஐ நெருங்கின. இந்த எண்களைக் கேட்டவர்கள், மருத்துவம் ஐந்து மடங்கு விரிந்துவிட்டது போலவும், அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டும் போலவும் கலங்கினார்கள். உண்மையில் பெருக்கத்தின் பெரும்பகுதி ஒரே நோயை இடம், வலம் என்று பிரிப்பதாலும், காயங்களுக்கு ஏழாவது எழுத்து ஒன்றைச் சேர்ப்பதாலும் வந்தது. முன்பு மூன்று முதல் ஐந்து இலக்கங்களில் முடிந்த குறியீடு இப்போது மூன்று முதல் ஏழு இடங்கள்வரை நீள்கிறது. முதலிடத்தில் எப்போதும் ஓர் எழுத்து நிற்கிறது.

மணிக்கட்டருகே ஆரை எலும்பில் ஏற்படும் காலிஸ் முறிவை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் தோல் கிழியாத முறிவானால் 813.41, தோல் கிழிந்த திறந்த முறிவானால் 813.51; அவ்வளவுதான். வலக்கையா இடக்கையா என்பதை அந்த எண் சொல்லாது. நோயாளி கட்டுப் பிரிக்க வந்தாரா, எலும்பு ஒட்டாமல் திரும்பி வந்தாரா என்பதும் அதில் இல்லை. புதிய முறையில் எஸ்52.531 என்றால் வலக்கை, எஸ்52.532 என்றால் இடக்கை. ஏழாவது இடத்தில் ஏ என்று வந்தால் மூடிய முறிவுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. பி (B), சி (C) என்று வந்தால் திறந்த முறிவு. அதிலும் காயத்தின் கடுமையை அளக்கும் கஸ்டிலோ வகைப்பாட்டில் முதல் இரண்டு வகைக்கு பி (B), மூன்றாம் வகைக்கு சி. மூடிய முறிவு வழக்கம்போல் ஆறிவருகிறது என்றால் டி, ஆறுவது தாமதமானால் ஜி, ஒட்டவே இல்லையென்றால் கே, கோணலாக ஒட்டியிருந்தால் பி (P). காயத்தின் பின்விளைவுக்காக வந்தவர் என்றால் எஸ். ஒரே எலும்பின் ஒரே முறிவுக்கு இத்தனை குறியீடுகள் என்றாலும், கற்க வேண்டிய தருக்கம் ஒன்றே ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டவருக்குத் தொடை எலும்பும் முன்கை எலும்பும் தனித்தனிப் பாடங்கள் அல்ல.

ஏழாவது எழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பயிற்சியில் மிக அதிகமாகத் தவறாகக் கற்பிக்கப்பட்டது அதுதான். புத்தகத்தில் ஏ என்பதற்கு எதிரே ‘முதல் சந்திப்பு’ என்ற பொருளில் அச்சாகியிருந்ததால், நோயாளி அந்த மருத்துவரிடம் முதன்முறை வந்தால் ஏ, அடுத்த முறை வந்தால் டி என்று பலர் சொல்லிக்கொடுத்தார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. காயத்துக்கு நேரடிச் சிகிச்சை தொடரும்வரை ஏ. அது முடிந்து, ஆறும் கட்டத்தில் நடக்கும் வழக்கமான கவனிப்புக்கு டி. அவசரப் பிரிவில் ஒருவர் பார்த்து, மறுநாள் எலும்பு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தால் இரண்டு இடத்திலும் ஏ. மாறாக, வேறு ஊரில் சிகிச்சை பெற்றுவிட்டுக் கட்டு மாற்றுவதற்காகப் புதிய மருத்துவரிடம் முதல் முறையாக வந்தாலும் அது டி. வருகையை எண்ணாமல் சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்வது குறியீட்டுப் புத்தகம் அல்ல, மருத்துவரின் குறிப்பு.

எல்லா இடத்திலும் குறியீடுகள் பெருகின என்பதும் சரியல்ல. உயர் ரத்த அழுத்தத்துக்குப் பழைய முறையில் கடுமையானதற்கு 401.0, கடுமையற்றதற்கு 401.1, வகை குறிப்பிடப்படாததற்கு 401.9 என்று மூன்று இருந்தன. புதிய முறையில் மூன்றும் ஐ10 என்ற ஒற்றைக் குறியீட்டில் அடங்கின. கோடர்கள் அதிகம் பயன்படுத்தும் குறியீடுகளில் ஒன்று மிகச் சுருங்கியதாக மாறிய இந்தச் செய்தி, 69,000 என்ற எண் கிளப்பிய கூச்சலில் யார் காதிலும் விழவில்லை.

இனி, பழையதிலிருந்து புதியதுக்குப் பாலம் போடும் விஷயம். ஜெம்ஸ் என்று அழைக்கப்பட்ட பொருத்த அட்டவணைகளை அமெரிக்க அரசின் அமைப்புகளே வெளியிட்டிருந்தன. பழைய குறியீட்டைக் கொடுத்தால் அதற்கு நெருக்கமான புதிய குறியீடு கிடைக்கும். புள்ளிவிவரங்களை மாற்றுவதற்கும் மென்பொருள்களைச் சீரமைப்பதற்கும் அவை பயனுள்ளவை. பயிற்சியில் இருந்தவருக்கோ அவை ஒரு போதை. சார்ட்டைப் படித்துப் பழைய குறியீட்டை முடிவுசெய்து, அதை அட்டவணையில் தட்டி, வருவதை எழுதிவிடுவது வேகமாக நடந்தது. அட்டவணையிலேயே பெரும்பாலான வரிகளுக்கு எதிரே, இது தோராயமான பொருத்தமே என்ற அடையாளம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பழைய குறியீட்டில் வலக்கை என்ற செய்தியே இல்லாதபோது, அட்டவணை அதை எங்கிருந்து எடுத்துத் தரும்?

பொருத்தம் சரியாகத் தோன்றும் இடத்தில்கூட பொருள் மாறியிருந்தது. மாரடைப்புக்கு 410 என்றிருந்தது ஐ21 ஆயிற்று என்று அட்டவணை சொல்லும். ஆனால் ஐசிடி-9 எட்டு வாரம்வரை மாரடைப்பை அண்மையதாகக் கருதியது. ஐசிடி-10-சிஎம் நான்கு வாரத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆறு வாரத்துக்கு முன்பு மாரடைப்பு வந்த ஒருவர் பழைய புத்தகத்தின்படி 410-க்குள் வருவார். புதிய புத்தகத்தில் அவருக்கு ஐ21 பொருந்தாது. இந்த வேறுபாட்டை ஓர் அட்டவணையால் காட்ட முடியாது. சார்ட்டில் உள்ள தேதியை எண்ணிப் பார்க்கிற மனிதர் வேண்டும். இரண்டு முறைகளையும் கற்றதன் பயன் எனக்கு இங்கேதான் தெரிந்தது. ஒரே நோயை இரண்டு முறைகள் வெவ்வேறு கேள்விகளால் அணுகுகின்றன என்பதைப் பார்த்த பிறகு, குறியீட்டை விட்டுவிட்டு அது கேட்கும் கேள்வியைத் தேடும் பழக்கம் வந்தது.

நீரிழிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய குறியீடான 250-இன் ஐந்தாவது இலக்கம், முதல் வகையா இரண்டாம் வகையா, கட்டுக்குள் இருக்கிறதா இல்லையா என்ற இரண்டையும் ஒருசேரக் கேட்டது. நரம்புப் பாதிப்பு இருந்தால் 250.60-உடன் 357.2 என்று இரண்டு குறியீடுகள் போட வேண்டும். ஐசிடி-10-சிஎம்மில் இரண்டாம் வகை நீரிழிவும் பல நரம்புகளின் பாதிப்பும் சேர்ந்து இ11.42 என்ற ஒரே குறியீடு. கட்டுக்குள் இருக்கிறதா என்ற பழைய கேள்வி மறைந்து, சர்க்கரை மிகுதியா குறைவா என்ற கேள்வி வந்தது. மருத்துவரோ இருபது ஆண்டுப் பழக்கத்தில் ‘கட்டுப்பாட்டில் இல்லை’ என்று மட்டுமே எழுதிக்கொண்டிருந்தார். மிகுதி என்று நாமே வைத்துக்கொண்டு இ11.65 போடக்கூடாது, அவரிடம் கேட்க வேண்டும்.

கேட்பது எப்படி என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் உருப்படியாகச் சொல்லித் தரவில்லை என்பதே என் முதன்மையான மனக்குறை. மருத்துவருக்கு அனுப்பும் விளக்கக் கோரிக்கையை இந்தத் துறையில் க்வெரி என்பார்கள். ‘நோயாளிக்குச் சர்க்கரை மிகுதிதானே, உறுதிசெய்யவும்’ என்று எழுதினால் அது விடையை வாயில் ஊட்டுவது. ஆடிட்டில் அந்தக் குறியீடு நிற்காது. ‘இன்ன தேதிக் குறிப்பில் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லை என்று எழுதியுள்ளீர்கள், அன்றைய ரத்தச் சர்க்கரை அளவுகள் இவை, மிகுதி, குறைவு, வேறு, தீர்மானிக்க இயலவில்லை ஆகியவற்றில் உங்கள் மருத்துவக் கருத்து எது’ என்று எழுதினால் அது முறையான கோரிக்கை. பழைய முறையில் வாரத்துக்கு ஒன்றிரண்டு க்வெரி எழுதினாலே அதிகம் என்றிருந்த இடங்களில், மாற்றத்துக்குப் பிறகு அது அன்றாட வேலை ஆயிற்று. ஆஸ்துமாவுக்குத் தீவிரம், முறிவுக்குப் பக்கம், காயத்துக்குக் கட்டம் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தேர்வுகள் சோதித்ததோ, எல்லா விவரமும் ஒழுங்காக எழுதப்பட்ட சார்ட்டுகளை மட்டுமே.

பிசிஎஸ் பக்கம் போனவர்களுக்குச் சிக்கல் வேறு வகை. அங்கே குறியீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. ஏழு இடங்களையும் அட்டவணையிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டுகிறோம். எண்ணோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் அந்த முறை பயன்படுத்துவதே இல்லை. மருத்துவ, அறுவைப் பிரிவில் மட்டும் 31 அடிப்படைச் செயல்கள் உண்டு. ஓர் உறுப்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் எக்ஸிஷன், முழுவதையும் எடுத்தால் ரிசெக்‌ஷன். கேட்க எளிதாக இருக்கும். வலது நுரையீரலின் மேல் மடலை முழுவதும் எடுத்தால் எது? நுரையீரலில் ஒரு பகுதிதானே என்று எக்ஸிஷன் போடத் தோன்றும். ஆனால் அந்த மடலுக்கு அட்டவணையில் தனி உறுப்பாகவே இடம் இருப்பதால் அது ரிசெக்‌ஷன். அறுவை மருத்துவர் தன் குறிப்பில் இந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது. அவர் செய்ததைப் படித்து எந்தச் செயல் என்று முடிவுசெய்வது கோடரின் பொறுப்பு. உடற்கூற்றியலை ஒப்புக்குப் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே திணறினார்கள்.

பத்திரிகைகளின் கவனமெல்லாம் வேடிக்கைக் குறியீடுகள்மீது இருந்தது. வாத்து மோதிக் காயம், ஓர்க்கா திமிங்கிலம் மோதிக் காயம், விமான எந்திரத்துக்குள் இழுக்கப்பட்டவர் தொடர் கவனிப்புக்கு வருவது என்றெல்லாம் இருக்கின்றன, உண்மைதான். அவை காயத்தின் வெளிக்காரணத்தைக் குறிப்பவை. அவற்றை எழுதியே தீர வேண்டும் என்று நாடு தழுவிய கட்டாயம் எதுவும் இல்லை.

2015 அக்டோபர் 1 வந்தது. சேவை நடந்த தேதி அந்நாளிலோ அதற்குப் பிறகோ என்றால் புதிய குறியீடு, அதற்கு முன்பு என்றால் பழையது. உள்நோயாளி என்றால் வீடு திரும்பிய தேதியே கணக்கு. ஒரே கிளைமில் இரண்டையும் கலக்கக்கூடாது. மெடிகேருக்குக் கிளைம் அனுப்ப ஓராண்டு அவகாசம் இருந்ததாலும், மறுக்கப்பட்ட பழைய கிளைம்கள் திரும்பி வந்துகொண்டே இருந்ததாலும், செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஐசிடி-9 மேசையை விட்டு அகல நெடுநாள் பிடித்தது. முதல் ஓராண்டுக்கு, குறியீடு சரியான குடும்பத்தைச் சேர்ந்த செல்லுபடியாகும் குறியீடாக இருந்தால், போதிய துல்லியம் இல்லை என்பதற்காக மட்டும் மருத்துவர்களின் கிளைமை மறுப்பதில்லை என்று மெடிகேர் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அக்டோபர் 1 முதல் 27 வரையிலான கணக்கை அது வெளியிட்டபோது, நாளொன்றுக்கு 46 இலட்சம் கிளைம்கள் வந்ததாகவும், செல்லாத ஐசிடி-10 குறியீட்டால் திருப்பப்பட்டவை 0.09 விழுக்காடு மட்டுமே என்றும் தெரிந்தது. பேரழிவு வரும் என்றவர்கள் அமைதியானார்கள். ஆனால் குறியீடு செல்லும் என்பது வேறு, சரி என்பது வேறு, அந்த 0.09 இரண்டாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் ஒரு விசித்திரமான சமநிலை நிலவியது. 401.9, 250.00, 786.50 என்று புத்தகத்தைத் திறக்காமலே எழுதிவந்த மூத்த கோடர்கள் ஒவ்வொன்றுக்கும் புத்தகம் புரட்டினார்கள். புதிதாக வந்த ஃப்ரெஷர்கள், மறக்க வேண்டியது குறைவு என்பதால், நாளொன்றுக்கு எத்தனை சார்ட் முடிக்கிறார்கள் என்னும் ப்ரொடக்‌ஷன் கணக்கில் மூத்தவர்களுக்கு அருகிலேயே நின்றார்கள். இனி அனுபவத்துக்கு மதிப்பில்லை என்று சில இளையவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அது நீடிக்கவில்லை. எண்கள் மாறினாலும், நீண்ட டிஸ்சார்ஜ் குறிப்பில் எந்த நோய்க்காக ஒருவர் உண்மையில் அனுமதிக்கப்பட்டார் என்று கண்டுபிடிக்கும் கண் மூத்தவர்களிடம்தான் இருந்தது. புதிய எண்கள் அவர்களுக்குப் பழகியதும் இடைவெளி மீண்டும் விழுந்தது.

மாற்றத்தின்போது புத்தகம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக 2011 அக்டோபருக்குப் பிறகு வழக்கமான ஆண்டுத் திருத்தங்கள் ஏறக்குறைய நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. அந்த உறைநிலை 2016 அக்டோபரில் முடிந்தபோது 1,900-க்கும் மேற்பட்ட புதிய நோய்க் குறியீடுகளும் 3,600-க்கும் மேற்பட்ட பிசிஎஸ் குறியீடுகளும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவை மிகுதி, குறைவு என்று பிரித்துக் காட்டும் வரியும் அப்போதுதான் அகரவரிசைப் பட்டியலில் சேர்ந்தது. பயிற்சி முடிந்தது என்று நினைத்திருந்த எங்கள் தலைமுறைக்கு, இந்த வேலையில் அக்டோபர் என்றால் என்ன என்பது முதன்முறையாகப் புரிந்தது. 2022 முதல் ஏப்ரலிலும் திருத்தம் வருகிறது.

இப்போது படிக்க வருகிறவர்கள் ஐசிடி-11 பற்றிக் கேட்கிறார்கள். 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த முறையில் இரண்டாம் வகை நீரிழிவு 5ஏ11, உயர் ரத்த அழுத்தம் பிஏ00. பக்கம், தீவிரம் போன்றவற்றை ஒரே நீண்ட குறியீட்டுக்குள் திணிக்காமல், மூலக் குறியீட்டோடு தனித்தனிக் குறியீடுகளைக் கோத்து எழுதும் அமைப்பு அது. அமெரிக்கக் கிளைம்களுக்கு இன்னும் அது வரவில்லை. அதற்காகக் காத்திருந்து பயிற்சியைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. இன்றைய புத்தகத்தின் முன்பகுதியில் உள்ள அதிகாரபூர்வ வழிகாட்டு விதிகளைக் குறியீடுகளுக்கு முன்னால் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஓர் அறுவைக் குறிப்பை எடுத்து, எங்கே, எந்தப் பக்கம், எந்தக் கட்டம், எதனால் என்பவற்றில் மருத்துவர் எழுதியது எது, எழுதாமல் விட்டது எது என்று பிரித்து, விட்டதற்கு ஒரு க்வெரி எழுதிப் பாருங்கள். அந்தக் க்வெரியில் விடை ஒளிந்திருக்கிறதா என்று வேறொருவரிடம் கொடுத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு இண்டெக்ஸைத் திறக்கலாம்.